போன் கையில் இருந்ததற்கு 6 பாயின்ட், இப்போது டாக்சி லைசன்ஸும் போகுமா?

மிட்லண்ட்ஸ்_நிலா:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் மினிகாப் (முன்பதிவு செய்து ஏறும் வாடகைக் கார்) ஓடுகிறவர்கள், கவுன்சில் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

என் கணவர் மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு நகரத்தில் பல வருடமாக மினிகாப் ஓடுகிறார். கவுன்சிலின் பெயர் வேண்டாம். போன வருடக் கடைசியில் சிக்னலில் நிற்கும்போது போனைக் கையில் எடுத்து அடுத்த ஓட்டம் எங்கே என்று பார்த்திருக்கிறார், பொலிஸ் பிடித்து 200 பவுண் தண்டமும் டிரைவிங் லைசன்ஸில் 6 தண்டப் பாயின்ட்டும். காசைக் கட்டினோம், அதோடு முடிந்தது என்றுதான் இருந்தோம். இப்போது கவுன்சிலின் லைசன்ஸ் பகுதியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. டிவிஎல்ஏ (டிரைவிங் லைசன்ஸ் கொடுக்கும் அரசாங்க அமைப்பு) பதிவைச் சோதித்தபோது இது தெரியவந்ததாம், 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டியதை அறிவிக்கவில்லையாம், அதனால் அவர் தொடர்ந்து லைசன்ஸ் வைத்திருக்கத் தகுந்த ஆளா என்று உபகுழு முடிவு செய்யுமாம். மூன்று கிழமையில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அவருடைய டிவிஎல்ஏ லைசன்ஸ் நல்லபடி இருக்கிறது, யாரும் தடை போடவில்லை. பிறகு கவுன்சில் எப்படிப் பறிக்கலாம்? ஒரே பிழைக்கு இரண்டு தரம் தண்டனையா? சில வருடத்துக்கு முதல் ஒரு பயணி, இவர் சத்தம் போட்டுப் பேசினார் என்று முறைப்பாடு செய்து, அது நடவடிக்கை இல்லாமல் முடிந்தது. அதையும் தோண்டுவார்களா? எங்களுக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள், அவருடைய உழைப்புத்தான். இதை எடுத்துச் சொன்னால் இரங்குவார்கள் என்று தெரிந்த ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பழைய_சாரதி:

தங்கச்சி, பதறாதீர்கள், ஆனால் சின்ன விஷயம் என்றும் நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் சாரதிகள் சங்கத்தின் சார்பில் பலரோடு இந்த உபகுழுக்களுக்குப் போய் இருந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டிவிஎல்ஏ தருவது கார் ஓட அனுமதி. கவுன்சில் தருவது முன்பின் தெரியாத மனிதரைக் காசுக்கு ஏற்றிக்கொண்டு போக அனுமதி. லண்டனுக்கு வெளியே இது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது (லண்டனில் டிஎப்எல் என்ற போக்குவரத்து அமைப்பு, அங்கே வேறு சட்டம்). அந்தச் சட்டத்தின் 51ஆம் பிரிவு மினிகாப் சாரதிக்கு, 59ஆம் பிரிவு வீதியில் கைகாட்டி ஏறும் ஹக்னி டாக்சியின் சாரதிக்கு. ஆள் தகுந்தவர் என்று கவுன்சிலுக்குத் திருப்தி வராவிட்டால் லைசன்ஸ் கொடுக்கக்கூடாது என்று இரண்டுமே சொல்கின்றன. கொடுத்த லைசன்ஸை நிறுத்தவோ பறிக்கவோ 61ஆம் பிரிவு. அதில் நேர்மையீனம், பாலியல் குற்றம், வன்முறை எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் 'வேறு ஏதேனும் நியாயமான காரணம்' என்று ஒரு வரி வைத்திருக்கிறார்கள். உங்கள் கணவரின் விஷயம் அந்த வரியில்தான் வரும்.

தகுந்த ஆள் யார் என்று சட்டத்தில் விளக்கம் இல்லை. பல காலம் ஒவ்வொரு கவுன்சிலும் தன் எண்ணப்படி நடந்தது. 2020 ஜூலையில் போக்குவரத்து அமைச்சு ஒரு தரநிலைகள் ஆவணம் வெளியிட்டது, உங்கள் கவுன்சிலின் கொள்கையும் அனேகமாக அதைத் தழுவித்தான் இருக்கும். அதில் முடிவெடுப்பவர் தன்னையே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் அக்கறை வைத்திருக்கும் ஒருவரை, அவருடைய நிலைமை எதுவாக இருந்தாலும், பகலோ இரவோ, இந்தச் சாரதியின் காரில் தனியாக அனுப்புவீர்களா? இதற்கு 'இல்லை' என்ற பதில்தான் கூடுதலாகச் சாத்தியம் என்று பட்டால் லைசன்ஸ் இல்லை. சந்தேகத்தின் பலன் சாரதிக்குக் கிடையாது, அதையும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விகள். இரட்டைத் தண்டனை என்ற வாதம் எடுபடாது. பொலிஸ் போட்டது தண்டனை, கவுன்சில் பார்ப்பது இனி ஏறப்போகும் பயணிக்குப் பாதுகாப்பா என்பதை. உபகுழு முன் இதைச் சொல்லவே வேண்டாம், சொன்னால் விஷயம் இவருக்கு விளங்கவில்லை என்றுதான் எடுப்பார்கள்.

அதே ஆவணத்தின் பின்னிணைப்பில் கால அளவுகள் இருக்கின்றன. வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை முடிந்து 10 வருடம், நேர்மையீனத்துக்கு 7, குடித்துவிட்டு ஓடியதற்கு 7, போனைக் கையில் பிடித்து ஓடியதற்கு 5. பாலியல் குற்றத்துக்குக் கணக்கே இல்லை, லைசன்ஸ் கிடைக்காது. 5 வருடம் என்றதும் பயப்படாதீர்கள். அது ஆரம்பிக்கும் இடம்தான், ஒவ்வொரு விஷயத்தையும் அதனதன் தன்மையில் பார்க்க வேண்டும் என்பதும் அதே ஆவணம் சொல்வதுதான். ஆனால் அந்த 5 வருடத்தை விட்டு விலக நல்ல காரணம் காட்டுவது உங்கள் பக்கத்து வேலை.

பழைய முறைப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஆம், பார்க்கலாம். நொட்டிங்ஹாம் பக்கத்து ரஷ்கிளிப் கவுன்சில் சம்பந்தப்பட்ட 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலையான சாரதிக்கே கவுன்சில் லைசன்ஸ் மறுத்தது, பிறர் சொல்லக் கேட்ட சாட்சியத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு முறைப்பாடு பெரிய பாரமில்லை. போன், அறிவிக்காமல் விட்டது, முறைப்பாடு என்று மூன்றையும் சேர்த்து ஒரு போக்காகப் பார்த்தால்தான் சிக்கல். அதனால் அன்று என்ன நடந்தது என்று தேதியோடு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கடன், பிள்ளைகள். உங்களுக்கு வலிக்கும், இருந்தாலும் நேராகச் சொல்கிறேன். லீட்ஸ் கவுன்சில் சம்பந்தப்பட்ட 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, லைசன்ஸ் போனால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதைக் கவுன்சில் கணக்கில் எடுக்கக்கூடாது. நடந்ததை விளங்கப்படுத்த உதவினால் மட்டும் சொந்த நிலைமையைச் சொல்லலாம், அதுவும் மிக அரிதாக. பத்து நிமிடம் பேசக் கிடைத்து அதில் எட்டு நிமிடம் கடனைப் பற்றிப் பேசி முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கவுன்சிலர்கள் பொறுமையாகக் கேட்டார்கள், பிறகு பாதுகாப்பைப் பற்றி இவர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினார்கள்.

என் கணிப்பில் போனை விட 48 மணித்தியாலம்தான் பெரிய பிரச்சினை. போன் ஒரு கணத்துக் கவனக்குறைவு. அறிவிக்காமல் விட்டதை நேர்மையோடு முடிச்சுப் போடுவார்கள். நிபந்தனை தெரியாதா, மறந்தாரா, பயந்தாரா, எது உண்மையோ அதையே சொல்லச் சொல்லுங்கள். அங்கே சோடித்துப் பேசினால் எல்லாம் முடிந்தது.

ராசன்_காப்ஸ்:

அண்ணன் சொல்லும் சட்டம் சரி. ஆனால் இந்த முறையில் இருக்கிற அநியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 250க்கும் மேற்பட்ட அதிகாரசபைகள் டாக்சி லைசன்ஸ் கொடுக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்கை. என்னோடு ஓடின ஒருவருக்கு இதே போன் விஷயத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் ஒரு பயிற்சி வகுப்பும். எல்லை தாண்டி அடுத்த கவுன்சிலில் இன்னொருவருக்கு லைசன்ஸே போனது. ஒரே வீதி, ஒரே ஆப், ஒரே பயணிகள்.

2015இல் சட்டத்தைத் தளர்த்தி, ஒரு ஊர் ஒப்பரேட்டர் (மினிகாப் கம்பனி) இன்னொரு ஊர் ஒப்பரேட்டருக்கு ஓட்டத்தைக் கைமாற்ற விட்ட பிறகு இது இன்னும் மோசம். மன்செஸ்டரில் நின்று பாருங்கள், எத்தனை கார்களில் வூல்வர்ஹாம்ப்டன் கவுன்சிலின் லைசன்ஸ் பட்டை ஒட்டியிருக்கிறது என்று. சாரதி பிழை செய்தார் என்று சொல்லவில்லை, சட்டப்படிதான் அங்கே லைசன்ஸ் எடுக்கிறார். வூல்வர்ஹாம்ப்டனும் சும்மா கொடுப்பதில்லை, சாரதிகளின் டிபிஎஸ் பதிவை, அதாவது குற்றப் பதிவை, தினமும் சோதிப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் மன்செஸ்டர் கவுன்சில் தன் ஊரில் ஓடும் காரின் லைசன்ஸில் கைவைக்க முடியாது. தகுதி என்பது ஆளைப் பொறுத்ததா, அஞ்சல் குறியீட்டைப் பொறுத்ததா?

இன்னொன்றும் சொல்கிறேன். உபகுழுவில் அனேகமாக மூன்று கவுன்சிலர்கள். அவர்கள் நீதிபதிகள் இல்லை, ஊர்த் தேர்தலில் வென்ற ஆட்கள். ஆங்கிலம் தடுமாறுகிற சாரதி ஒருவர் பதற்றத்தில் கண்ணைப் பார்க்காமல் பேசினால் மறைக்கிறார் என்று நினைக்கிறார்கள். நான் இருந்து பார்த்திருக்கிறேன்.

பழைய_சாரதி:

தம்பி, ஊருக்கு ஊர் வித்தியாசம் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். 2025 ஜூனில், பிள்ளைகள் மீதான குழுப் பாலியல் சுரண்டல் பற்றி அரசாங்கத்துக்காக ஆராய்ந்த கேசி அம்மையாரின் அறிக்கையும் அதைத்தான் சொன்னது, வெளியூர் லைசன்ஸில் ஓடுவதை நிறுத்துங்கள், தரத்தை இறுக்குங்கள் என்று. ஆனால் கவுன்சில்கள் ஏன் இவ்வளவு இறுக்கமாக நடக்கின்றன என்பதையும் நாங்கள் மறக்கக்கூடாது.

ரொதரம், இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரம். அங்கே நடந்ததை விசாரித்து 2014 ஓகஸ்டில் வந்த ஜே அறிக்கை, 1997 முதல் 2013 வரை குறைந்தது 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக மதிப்பிட்டது. அதில் டாக்சி சாரதிகளின் பங்கு திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த வருடம் கேசி அந்தக் கவுன்சிலைப் போய்ப் பார்த்தபோது லைசன்ஸ் பகுதி கையாண்ட முறையையும் கடுமையாக எழுதினார். முறைப்பாடுகள் வந்தன, யாரும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. அரசாங்கம் ஆணையாளர்களை அனுப்பிக் கவுன்சிலின் அதிகாரத்தையே எடுத்தது. இன்று ரொதரம் டாக்சிகளில் கமெரா கட்டாயம். தண்டனை கிடைக்காத பழைய முறைப்பாட்டையும் ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்டால் இதுதான் பதில்.

அதன் பிறகு வந்ததுதான் 2022ஆம் ஆண்டுச் சட்டமும். பாதுகாப்புக் காரணத்துக்காக மறுத்தால், நிறுத்தினால், பறித்தால் தேசியப் பதிவேட்டில் போட வேண்டும். 2023 ஏப்ரல் 27 முதல் இங்கிலாந்தில் இது கட்டாயம். 11 வருடம் அந்தப் பதிவு இருக்கும், எந்தக் கவுன்சிலும் லைசன்ஸ் கொடுக்கும் முன் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அதனால் நிலா தங்கச்சி, 'இங்கே பறித்தால் அடுத்த ஊரில் எடுக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆங்கிலம் தடுமாறும் விஷயத்தில் ராசன் சொல்வது மிகச் சரி. மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் இப்போதே எழுத்தில் கேளுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போகவும் விடுவார்கள்.

கவின்_அம்மா:

நான் டிரைவர் இல்லை, டிரைவர் வீட்டுக்காரியும் இல்லை. இருந்தாலும் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

என் மகனுக்கு ஆட்டிசம். பேச்சு அதிகம் வராது. தினமும் காலையில் கவுன்சில் ஏற்பாடு செய்த டாக்சியில்தான் ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போகிறான். டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாரா, திட்டினாரா, வழியில் எங்காவது நிறுத்தினாரா, எதையும் அவனால் வீட்டுக்கு வந்து சொல்ல முடியாது. 'அவருடைய நிலைமை எதுவாக இருந்தாலும்' என்று அந்தக் கேள்வியில் இருக்கிறதே, அது என் பிள்ளையைப் பற்றித்தான். நிலா, உங்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் சிக்னலில்தானே, கார் நின்றுகொண்டுதானே இருந்தது என்று அங்கே போய்ச் சொல்லாதீர்கள். பச்சை விழுந்ததும் கண் எங்கே இருக்கும் என்றுதான் என்னைப் போன்ற ஒரு அம்மா யோசிப்பாள். வீட்டுக்காரர் இனி போனைத் தொடவே மாட்டார் என்பதற்கு என்ன செய்திருக்கிறார்? அதைக் கேட்டால் எனக்கு நம்பிக்கை வரும். வேறு எதைச் சொன்னாலும் வராது.

இப்போது வரும் டிரைவர் தங்கமான மனிதர். போனை டாஷ்போர்டில் ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, பிள்ளை ஏறி இறங்கும் வரை தொடுவதே இல்லை.

புதுவரவு_சிவா:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் முதல் தரம் விண்ணப்பிக்கப் போகிறேன். அகதி அந்தஸ்து கிடைத்து இங்கே சில வருடம். இலங்கையிலிருந்து பொலிஸ் கிளியரன்ஸ் கேட்கிறார்கள். எந்த அரசாங்கத்திடமிருந்து ஓடி வந்தேனோ அந்தப் பொலிஸிடமே போய் எப்படிக் கேட்பது?

பழைய_சாரதி:

சிவா தம்பி, உங்களைக் குறிவைத்துக் கேட்கவில்லை. டிபிஎஸ் சோதனையில் இந்த நாட்டுப் பதிவுதான் வரும், அதனால் தொடர்ந்து மூன்று மாதமோ கூடவோ வெளிநாட்டில் இருந்த எல்லோரிடமும் அந்த நாட்டுச் சான்று கேட்கச் சொல்லித் தரநிலைகள் சொல்கின்றன. சாதாரணமாக வந்தவர்கள் இலங்கைப் பொலிஸிடம் விண்ணப்பித்து எடுத்துவிடுவார்கள். உங்களைப் போன்றவர்கள் தூதரகத்துக்குப் போகவே வேண்டாம். காசு கட்டும் முன் லைசன்ஸ் பகுதிக்கு மின்னஞ்சல் எழுதி, அகதி அந்தஸ்துக் கடிதத்தின் பிரதியை வைத்து, பதிலாக எதை ஏற்பீர்கள் என்று கேளுங்கள். சத்தியக் கூற்றையும் உங்களை நெடுங்காலம் தெரிந்தவர்களின் கடிதங்களையும் ஏற்கும் கவுன்சில்கள் உண்டு. பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிவரவு அனுமதியின் காலம் குறுகியதென்றால் லைசன்ஸையும் அதே திகதிவரைதான் தருவார்கள், 3 வருடம் முழுதாகக் கிடைக்காது.

மிட்லண்ட்ஸ்_நிலா:

எல்லோருக்கும் நன்றி. கவின் அம்மா, நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு நீங்கள் கேட்டதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் இருந்து யோசித்தோம். போனை ஸ்டாண்டில் பூட்டி வைத்துக் குரலில் மட்டும் ஓட்டத்தை ஏற்கும்படி மாற்றியிருக்கிறார். பாதுகாப்பாக ஓடுவது பற்றிய ஒரு வகுப்புக்கும் சொந்தக் காசில் பதிந்திருக்கிறார், உபகுழுவுக்கு முன் முடிந்துவிடும்.

48 மணித்தியாலம் பற்றி அவர் சொல்வது, லைசன்ஸோடு வந்த நிபந்தனைத் தாளை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன் என்று. அதையே சொல்லலாமா? அப்புறம், பறித்துவிட்டால் அன்றே வேலை நிற்குமா? மேன்முறையீடு செய்தால்?

பழைய_சாரதி:

அதையே சொல்லட்டும். கூடவே, இப்போது வாசித்துவிட்டேன், இன்னின்ன விஷயங்களை அறிவிக்க வேண்டும் என்று வாயால் சொல்லத் தெரிந்திருக்கட்டும். கவுன்சிலர் ஒருவர் கட்டாயம் கேட்பார்.

உபகுழு வரை அவர் ஓடலாம், லைசன்ஸ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அங்கே ஒன்றும் செய்யாமல் விடலாம், எச்சரிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தலாம், பறிக்கலாம். விசாரணை முடியும் வரை நிறுத்தி வைக்கிறோம், பிறகு அதே விஷயத்துக்குப் பறிக்கலாமா என்று பார்க்கிறோம் என்று இரண்டு கட்டமாகச் செய்வது கூடாது என்று கார்டிப் சம்பந்தப்பட்ட 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொல்கிறது. அப்படிச் செய்தால் உடனே சட்டத்தரணியைப் பாருங்கள்.

பறித்தால் 14 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். அந்த அறிவித்தல் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேன்முறையீடு. அந்த 21 நாளும் பிந்தவே கூடாது. மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை சாதாரணமாக ஓடலாம். ஆனால் பொதுமக்கள் பாதுகாப்புக்காக உடனடியாக அமுலுக்கு வருகிறது என்று அறிவித்தலில் எழுதியிருந்தால் அந்த நிமிடத்திலிருந்து ஓடக்கூடாது, காப்புறுதியும் செல்லாது. போன் விஷயம் ஒன்றுக்கே அப்படி எழுதுவது அதிகம் என்பது என் எண்ணம், இருந்தாலும் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள்.

செலவையும் யோசியுங்கள். நீங்கள் வென்றாலும் கவுன்சில் நல்லெண்ணத்தோடு நியாயமாக நடந்திருந்தால் உங்கள் செலவை அது தர வேண்டியதில்லை, பிரட்பர்ட் சம்பந்தப்பட்ட 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து அப்படித்தான். அதனால் சட்டத்தரணிக்குக் காசு செலவழிப்பதென்றால் மேன்முறையீட்டுக்கு வைத்திருக்காமல் இந்த உபகுழுவுக்கே செலவழியுங்கள். டாக்சி லைசன்ஸ் வழக்குகள் பார்த்தவராக இருக்க வேண்டும், வீட்டு உறுதி எழுதுகிறவர் வேண்டாம்.

வகுப்புச் சான்றிதழ், ஒப்பரேட்டரின் கடிதம், வழமையாக ஏற்றும் பயணிகள் ஓரிருவரின் கடிதம், அந்தப் பழைய முறைப்பாடு முடிந்ததாக வந்த மின்னஞ்சல், இவ்வளவையும் உபகுழு நாளுக்கு ஒரு கிழமை முன்பாவது அனுப்பிவிடுங்கள், அறிக்கையோடு சேர்த்துக் கவுன்சிலர்களுக்குப் போகும். கடிதம் தருகிறவர்களிடம் போன் விஷயத்தை முதலே சொல்லிவிட்டு வாங்குங்கள். அது தெரியாமல் எழுதின கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை.

ராசன்_காப்ஸ்:

நிலா அக்கா, ஒப்பரேட்டர் கடிதம் தர இழுத்தால் என்னைத் தனியாகத் தொடர்புகொள்ளுங்கள். எப்படிக் கேட்டால் தருவார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு உபகுழுவுக்கு உங்கள் கணவரோடு கூட வரவும் தயார், எந்தக் கவுன்சில் என்று மட்டும் சொல்லுங்கள்.